புறக்கடை விளக்கு: எங்கே, எவ்வளவு, எப்படி?

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடுகள், நாலைந்து கோழிகள். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் பால் கறக்கப் போனால்தான் சங்கத்தில் நேரத்துக்கு ஊற்ற முடியும். மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் இரண்டு மூன்று முறை கழிவறைக்கு எழுந்து போகிறார். கழிவறை வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி இருக்கிறது. இடையில் விறகுக் குவியல், வைக்கோல் போர், எருக்குழி.

போன ஐப்பசியில் ஓர் இரவு, கழிவறைப் படியில் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில், கால் வைக்க இரண்டடி இருக்கும்போதுதான் மாமியார் அதைப் பார்த்திருக்கிறார். மறுநாளே வாசகியின் கணவர் அரூருக்குப் போய் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்றை வாங்கி வந்து, பின்சுவரில் உயரமாக மாட்டினார். ஜன்னல் வழியாக வயர் இழுத்து, கொட்டகைக்கும் அதிலிருந்தே ஒரு பல்பு போட்டார்.

"வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் குண்டானில் பூச்சி விழுகிறது. வீட்டை ஒட்டிய சாமந்தி வரிசை மட்டும் மற்ற வரிசைகள் பூத்த பிறகும் பூக்கவே இல்லை. மழை பெய்தால் கொட்டகையின் இரும்புத் தூணைத் தொட விர்ரென்று இருக்கிறது. மாடு கொட்டகைக்குள் போகவே அடம் பிடிக்கிறது. இந்த விளக்கைக் கழற்றிவிடலாமா, வேறு வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்று சிக்கல்களுக்கும் காரணம் உண்டு, தீர்வும் உண்டு. ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் அடுத்த இதழ் வரும்வரைகூடக் காத்திருக்க முடியாதது. அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் அந்த லைனை நிறுத்த வேண்டும்

இரும்புத் தூணில் விர்ரென்று இருப்பது மின்கசிவு. எங்கோ வயரின் தோல் உரிந்து, அல்லது ஜாயிண்டில் ஈரம் இறங்கி, தூணுக்குக் கரண்ட் பாய்கிறது. வெயில் நாளில் தரை காய்ந்திருப்பதால் லேசாகத் தெரிகிறது. மழையில் தரை நனைந்து, வெறுங்காலோடு தொட்டால் அதே கசிவு ஆளைக் கொல்லும்.

மாடு அடம் பிடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நாலைந்து அடி தூரம் இருக்கிறது. குளம்பு ஈரத்தரையில் நிற்கிறது. மனிதனுக்கு உறைக்காத சிறு கசிவும் மாட்டுக்கு உறைத்துவிடும். நன்றாகப் பழகிய மாடு திடீரென்று கொட்டகைக்குள் போக மறுத்தாலோ, தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினாலோ, நோயைத் தேடுவதோடு கரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே கொட்டகைக்குப் போகும் லைனை மெயினிலேயே நிறுத்த வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேன் பார்க்கும்வரை அதைப் போடவே கூடாது. அதுவரை டார்ச் போதும்.

மின்சாரம் தவறான இடத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரி மாவட்டம் 2023 மார்ச்சில் பார்த்தது. மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் பயிர்க்காவலுக்காகச் சட்டவிரோதமாக விடப்பட்டிருந்த மின்சாரத்தில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தப்பின. பல ஆயிரம் கிலோ எடையுள்ள யானையை வீழ்த்தியது வீடுகளில் ஓடும் அதே மின்சாரம்தான்.

விளக்கு பாம்பை விரட்டாது

பலர் நினைப்பதுபோல வெளிச்சத்தைக் கண்டு பாம்பு ஓடிப்போவதில்லை. வெளிச்சம் பாம்பைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு'தான் உயிரைக் காக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு 2020-இல் கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதும் இந்தக் கனத்தை உணர்ந்துதான்.

பாம்பு புறக்கடைக்கு வருவது எலிக்காகவும் தவளைக்காகவும். எலி வருவது சிந்திய தீவனத்துக்காகவும் தானியத்துக்காகவும். தவளை வருவது விளக்கில் மொய்த்துக் கீழே விழும் பூச்சிக்காக. ஆகவே தவறான விளக்கை இரவெல்லாம் எரியவிட்டால், பூச்சியைக் கூட்டி, தவளையைக் கூட்டி, கடைசியில் பாம்பையும் அழைத்தது போல ஆகிவிடும். விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சங்கிலியை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

விளக்கு வாங்குவதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. விறகையும் வைக்கோல் போரையும் நடைபாதையிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்க வேண்டும். விறகைத் தரையில் குவிக்காமல் கல்லின் மேல் கட்டை போட்டு அடுக்கினால் அடியில் பாம்பு தங்குவது குறையும். பாதையின் இருபுறமும் புல்லை ஒட்ட வெட்டிவிட வேண்டும். பாதையில் வெளிர் நிற மணலோ ஜல்லியோ கொட்டினால் குறைந்த வெளிச்சத்திலும் பாம்பு தனியாகத் தெரியும்.

எங்கே வைப்பது?

புறக்கடை விளக்கு காலடிக்கு வெளிச்சம் தர வேண்டும். உயரத்தில் ஒரே ஒரு பெரிய விளக்கு மாட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, அது கண்ணில் அடிக்கிறது. கண் கூசிய பிறகு நிழலான இடத்தில் எதுவும் தெரியாது; இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இரண்டு, முதுகுப்புறமிருந்து வெளிச்சம் வந்தால் நடப்பவரின் நிழல் அவருடைய காலடியிலேயே விழுகிறது. வைக்கோல் போருக்குப் பின்னால் கும்மிருட்டு. அந்த வாசகியின் வீட்டில் கழிவறைப் படி இன்னமும் நிழலில்தான் இருக்கும்.

அதனால் ஒரு 50 வாட்டுக்குப் பதிலாக நான்கு சிறிய விளக்குகள் போதும்:

1. பின்வாசல் படிக்கு மேலே 5 வாட்.

2. பாதியளவு தூரத்தில், பாதையின் ஓரமாக 5 வாட். ஏழெட்டு அடி உயரம் போதும்.

3. கழிவறைக் கதவுக்கு மேலே 5 வாட். படியும் தாழ்ப்பாளும் தெரிய வேண்டும். உள்ளே ஏற்கெனவே விளக்கு இருந்தாலும் வெளியே ஒன்று அவசியம். ஆபத்து இருப்பது படியில்.

4. கொட்டகைக்குள் 9 வாட். கறப்பவர் உட்காரும் பக்கம் வெளிச்சம் விழும்படி, ஆனால் குண்டானுக்கு நேர் மேலே இல்லாமல் இரண்டு மூன்றடி தள்ளி.

எல்லா விளக்குகளுக்கும் மேலே மூடி வேண்டும். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழ வேண்டும். கடையில் ஷேடு கிடைக்காவிட்டால், வெளிச்சம் கீழ்நோக்கி விழும் தெருவிளக்கு மாதிரிச் சிறிய ஃபிட்டிங் கேட்டு வாங்கலாம்.

சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே, பாட்டியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் இறங்கிப்போய்ப் போட வேண்டிய சுவிட்சால் பயனில்லை. கொட்டகை விளக்குக்கு டூ-வே சுவிட்ச் போட்டால் வீட்டில் போட்டுவிட்டுக் கொட்டகையில் அணைக்கலாம். கழிவறை விளக்குக்கு ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு நல்லது. ஆனால் நாய், கோழி, மாடு நடமாடும் பக்கம் அதைத் திருப்பி வைக்கக் கூடாது. இரவெல்லாம் எரிந்து எரிந்து அணையும்.

எந்த விளக்கு?

எல்.இ.டி. விளக்குதான். பெட்டியில் நான்கு விஷயங்களைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நிறம்: 'வார்ம் ஒயிட்' அல்லது 2700 கே, 3000 கே என்று போட்டிருக்கும். இது மஞ்சள் கலந்த வெளிச்சம். 'கூல் டேலைட்', 6500 கே என்றால் நீலம் கலந்த வெள்ளை. பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும்தான். பால் குண்டானில் பூச்சி விழுவதற்கு வெள்ளை ஃப்ளட் லைட்டே காரணம். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி வராமல் போகாது, ஆனால் குறையும்.

வெளிச்சத்தின் அளவு: வாட் என்பது செலவு, லூமென் என்பது வெளிச்சம். 9 வாட் எல்.இ.டி. சுமார் 800 முதல் 900 லூமென் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்கு அது சமம், சற்றுக் கூடுதலும்கூட. பாதைக்கு அதில் பாதி போதும்.

மழைத் தாங்கல்: வெளியே மாட்டும் ஃபிட்டிங்கில் ஐ.பி. 65 என்று இருக்க வேண்டும். முதல் எண் தூசி, இரண்டாவது எண் தண்ணீர். 65 என்றால் தூசி உள்ளே போகாது, எல்லாப் பக்கமிருந்தும் பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும். சாதாரண பல்பு ஹோல்டரை வெளிச்சுவரில் மாட்டிப் பிளாஸ்டிக் பையைச் சுற்றுவது கூடாது.

முத்திரை: விளக்கில் பி.ஐ.எஸ். பதிவு, வயரிலும் சுவிட்சிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை. சந்தையில் பெயரில்லாத விளக்கு பாதி விலைக்குக் கிடைக்கும்; ஒரு மழைக்காலம் தாங்குவது கடினம்.

சாமந்தி ஏன் பூக்கவில்லை?

சாமந்தி குறும்பகல் பயிர். பகல் குறைந்து, தொடர்ந்து நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நடு இரவில் வெளிச்சம் பட்டால் செடி அதை நீண்ட பகல் என்று எடுத்துக்கொண்டு இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்போர், பூ வேண்டிய நாளுக்குத் தள்ளிப்போக இரவில் வேண்டுமென்றே விளக்கு எரிப்பதுண்டு. அந்த வாசகியின் வீட்டில் அதே வேலையை ஃப்ளட் லைட் கேட்காமலே செய்திருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் சாமந்தி போடுவோர் பலர். வீட்டு விளக்கோ தெருவிளக்கோ வயலைப் பார்த்தபடி இருந்தால் கவனிக்க வேண்டும். மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினாலே போதும். அடுத்த வரிசை மற்றவற்றோடு சேர்ந்து பூக்கும்.

பூச்சியிலும் ஒரு கணக்கு உண்டு. கோடை மழைக்குப் பிறகு காண்டாமிருக வண்டும், வேர்ப்புழுவின் தாய் வண்டும் மண்ணிலிருந்து கிளம்பி விளக்கைத் தேடி வரும். காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம் எருக்குழி. எருக்குழிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரிந்தால், தென்னைக்கு எதிரியை வீட்டுக்கே அழைத்து இடம் கொடுத்ததாகும். மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் அந்துப்பூச்சியும் மழைக்குப் பின் இப்படித்தான் வரும். அதற்கு விளக்குப்பொறி வைக்க வேண்டிய இடம் வயல். முன்னிரவில் 7 மணி முதல் 11 மணி வரை வைத்து, கீழே தண்ணீரில் விழும் பூச்சியை அழிக்க வேண்டும். வீட்டு விளக்கில் கூடும் பூச்சியை யாரும் அழிப்பதில்லை. அது அங்கிருந்து வயலுக்குப் போய்விடுகிறது.

கால்நடைக்கும் இருட்டு தேவை. கறந்து முடித்த பின் கொட்டகை விளக்கை அணைத்துவிட வேண்டும். கோழிக்கு இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் ஓய்வு கெடும்.

வயரிங்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பழைய வீடுகளில் எம்.சி.பி. மட்டும் இருக்கும். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. வீட்டில் இருக்கும் 6 அல்லது 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு அத்தனை ஆம்பியர் தாண்டிப் பாய வேண்டும். மனிதன் சாவதற்கு ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு தடுப்புக் கருவி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லையென்றால், எங்கோ கசிகிறது என்று அறிந்து கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளும் இதைப் பொருத்தச் சொல்கின்றன. விலை ஒரு ஆட்டுக்குட்டியின் விலையைத் தாண்டாது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். உடனே விழுந்தால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது.

எர்த் இல்லாத வீட்டில் எர்த் போட வேண்டும். கொட்டகையின் இரும்புத் தூண், இரும்புக் கூரை எல்லாவற்றையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். அப்படி இருந்தால் கசிவு ஏற்பட்ட நொடியே, யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். அரூர்ப் பக்கத்துப் பாறை கலந்த மண் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடும். எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது.

சில கிராமங்களில் இன்னமும் ஒரு பழக்கம் இருக்கிறது. பேஸ் வயரை மட்டும் இழுத்து, நியூட்ரலுக்குப் பதிலாக மண்ணில் கம்பி அடித்து விளக்கு எரிப்பார்கள். வயர் மிச்சம் என்று கணக்கு. அந்தக் கம்பியையும், அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணையும் மிதிப்பது மாடும் குழந்தையும். இது எக்காரணம் கொண்டும் கூடாது.

மற்றவை சுருக்கமாக:

• வெளியே போகும் வயர் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் உள்ள செம்புக் கேபிளாக, 1.5 சதுர மில்லிமீட்டர் அளவில், பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும்.

• நடுவில் ஜாயிண்ட் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மூடிய பெட்டிக்குள் மட்டும். டேப் சுற்றியது ஜாயிண்ட் ஆகாது.

• முருங்கை மரத்தில் ஆணியடித்து விளக்கு மாட்டக் கூடாது. காற்றில் கிளை முறிந்தால் வயரோடு விழும்.

• வண்டி, டிராக்டர் போகும் பாதைக்குக் குறுக்கே தாழ்வாக வயர் இழுக்கக் கூடாது. சுவரோரமாகவோ, மண்ணுக்கடியில் இரண்டடி ஆழத்தில் குழாய்க்குள்ளோ கொண்டுபோகலாம்.

• வைக்கோல் போரை ஒட்டி விளக்கோ வயரோ போகக் கூடாது. எலி கடித்தால் தீப்பொறி அங்கேதான் விழும்.

• துணி காயவைக்கும் கொடிக்கம்பியை விளக்குத் தூணிலோ, மின்கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ கட்டவே கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்கள் மின்சாரம் தாக்கி இறக்கும் செய்திகளில் இந்தக் கொடிக்கம்பி அடிக்கடி வருகிறது. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுவது இன்னும் நல்லது.

கரண்ட் கணக்கு

பழைய முறையில் 50 வாட் ஃப்ளட் லைட் இரவு 11 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 550 வாட் மணி. இரண்டு மாதத்துக்கு 33 யூனிட்.

புதிய முறையில் பின்வாசல் விளக்கு மட்டும் இரவு முழுவதும் எரியட்டும்: 5 வாட் × 11 மணி = 55. மற்ற மூன்றும் சேர்த்து 19 வாட். தேவைப்படும்போது மட்டும், நாளுக்கு மொத்தம் 2 மணி நேரம் என்றால் 38. ஆக நாளுக்கு 93 வாட் மணி. இரண்டு மாதத்துக்கு ஆறு யூனிட்டுக்கும் குறைவு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. 33 யூனிட்டைப் புறக்கடை விளக்கே தின்றுவிட்டால் அந்த நூறைத் தாண்டும் வாய்ப்பு அதிகம்.

சோலார் விளக்கு எப்போது?

முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் 2011-இல் தொடங்கியபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள் தரப்பட்டன. அந்த வீடுகளில் குடியிருப்போருக்குத் தெரியும்: பேனல் பல ஆண்டு உழைக்கும், முதலில் ஓய்ந்துபோவது பேட்டரி. சோலாரில் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

வயர் கொண்டுபோக முடியாத தூரத்துக்கும், கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கும் சோலார் ஏற்றது. மின்தாக்குதல் பயமும் இல்லை. ஆனால் அட்டையில் '100 வாட்' என்று இருப்பதை நம்பி வாங்கக் கூடாது. பேனலின் அளவைப் பார்க்க வேண்டும். 5 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 20 முதல் 25 வாட் மணி தரும். அதைக் கொண்டு 2 வாட் விளக்கைப் பத்து மணி நேரம் எரிக்கலாம். கார்த்திகை அடைமழையில் அதுவும் குறையும். பேனல் தெற்குப் பார்த்து, மர நிழல் படாமல் இருக்க வேண்டும். மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பேட்டரியைத் தனியே மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டு, முடியும் என்றால் மட்டும் வாங்கலாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் வருகிறது. அதிலிருந்தே வீட்டுப் புறக்கடைக்கு விளக்கு போடலாமா? (மொரப்பூர் வாசகர்)

பதில்: கூடாது. விவசாய இணைப்பில் மோட்டார் அறையின் உள்ளும் வெளியும் குறைந்த அளவு விளக்குக்கு மட்டும் அனுமதி உண்டு. அதற்கும் மொத்தம் 150 வாட் என்ற வரம்பு இருக்கிறது. இரவில் மோட்டார் போடப் போகும்போது கிணற்றடியில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அந்த அனுமதி. வீட்டுக்கு இழுத்தால் முறைகேடாகக் கருதப்படும்; இலவச இணைப்புக்கே ஆபத்து. உங்கள் இணைப்பின் விவரத்தைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளக்கு போட்டும் காட்டுப்பன்றி மரவள்ளிக்குள் வருகிறது. புறக்கடை லைனிலிருந்து வேலிக்குக் கரண்ட் கொடுத்தால் என்ன? (தீர்த்தமலை வாசகர்)

பதில்: பன்றிக்கு வைத்ததில் முதலில் சிக்குவது பக்கத்து வயல்காரராகவோ, உங்கள் வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கலாம். குற்ற வழக்கும் வரும். விட்டு விட்டு மெல்லிய அதிர்ச்சி மட்டும் தரும் சோலார் வேலி வேறு. அது உயிரைப் பறிக்காது. அதற்கும் தமிழ்நாட்டில் 2023-இல் விதிகள் வந்துள்ளன. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: விளக்கு இருந்தும் பாம்பு கடித்துவிட்டால்? (பொம்மிடி வாசகி)

பதில்: 108-ஐ அழையுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் கட்டுவோமோ அப்படிக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. தரையில் படுத்தவர் இரவில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை கனக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் புறக்கடைக்கு மேலே போகும் மின்வாரியக் கம்பி தாழ்ந்து தொங்குகிறது. யாரிடம் சொல்வது? (அரூர் வாசகர்)

பதில்: மின்னகம் எண் 94987 94987-க்கு எந்த நேரமும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்வரை அதன் கீழே வைக்கோல் போர் போடாதீர்கள். இரும்புத் தொரட்டியும் கொண்டுபோகாதீர்கள்.

எதை முதலில் செய்வது?

சித்தேரி அடிவாரத்து வாசகியின் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பணம் இருக்காது. வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் கொட்டகை லைனை நிறுத்துவது, விறகைத் தள்ளி அடுக்குவது, செலவு இல்லை. பாட்டியின் தலைமாட்டில் ஒரு நல்ல டார்ச், கட்டிலுக்குக் கொசுவலை. அடுத்து ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும். அதன் பிறகு கழிவறைக் கதவு விளக்கு, பின்வாசல் விளக்கு, கொட்டகை விளக்கு, கடைசியாகப் பாதை விளக்கு. ஃப்ளட் லைட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கதிரடிக்கும் நாளில், வீட்டு விசேஷத்தில் அது உதவும்.

வேலை முடிந்ததும் இரவு ஒன்பது மணிக்கு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பாட்டியைப் பின்வாசலிலிருந்து கழிவறைவரை ஒருமுறை நடக்கச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் அவர் கால் தயங்குகிறதோ, அங்கே இன்னும் வெளிச்சம் போதவில்லை.